மூன்று கோட் பாலிஷ்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலம் என்று மறுவாழ்வு மையத்து நர்ஸ் சொன்னார். யார் கேட்டாலும் அவர் அதையேதான் சொல்கிறார். உங்களிடம் போன் தர மாட்டார்களாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை உங்களை அனுப்புவதாகச் சொன்ன டாக்டர், என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மூளையில் சந்தோஷத்துக்கென்று ஒரு ரசாயனம் ஊறுமாம். குடி அதைத் தினமும் வாளி வாளியாக இறைத்ததில், சாதாரண அளவு சந்தோஷம் இப்போது உங்கள் மூளைக்கு உறைக்காதாம். பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகுமாம், வருஷமும் ஆகலாமாம். "சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தா, உங்க மேல கோபம்னு நினைச்சுக்காதீங்கம்மா" என்றார். சுவரைப் பார்க்கும் கணவன் பெரிய முன்னேற்றம் என்றே எனக்குத் தோன்றியது.

அடுத்துச் சொன்னதுதான் எனக்கு வேலை வைத்தது. குடித்த இடம், பாத்திரம், வாசனை எல்லாவற்றையும் மூளை பத்திரமாக வைத்திருக்குமாம். வாசனை பட்டால் போதும், யோசிக்கும் முன்பே கை நீளுமாம். கல்யாண நாளை ஒரு முறைகூட நினைவில் வைக்காத மூளையா என்று கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி டம்ளர்களையெல்லாம் கொடுத்துவிட்டேன். இப்போது கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கிறோம்.

நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது, உங்கள் தச்சுப் பட்டறை ஆட்கள் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி உள்ளே வந்திருக்கிறார்கள். வாசல் கதவு, அலமாரி, கட்டில் என்று ஒன்று விடாமல் மூன்று கோட் பாலிஷ். "அண்ணன் வர்றாரு, வீடு பளபளன்னு இருக்க வேணாமா அண்ணி? கூலியெல்லாம் பேசாதீங்க" என்றார், நான் திரும்பும்வரை காத்திருந்த மேஸ்திரி. எனக்குக் கண் கலங்கியது. நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி வாரங்களில் பட்டறையில் பாலிஷில் கலக்கும் ஸ்பிரிட் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வெயிலில் ஆவியாகிவிட்டது என்று நம்புகிறார்கள். உங்களுக்குக் கண் மங்கியதும் மரத்தூசியால்தானாம். இன்னொரு முறை அதைக் குடித்தால் பார்வை போகும், அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும் என்று டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மீதி ஸ்பிரிட்டை, வீட்டுக்கு உதவும் என்று அரை டின் வைத்துவிட்டுப் போனார்கள். சாக்கடையில் கொட்டினேன். இப்போது சாக்கடையும் மணக்கிறது.

ஜன்னலெல்லாம் திறந்து வைத்தும் வாசனை போகவில்லை. பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசலில் மூச்சை இழுத்து, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொல்லும்வரை பையைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை. எதையும் மறக்காதது உங்கள் மூளை மட்டும் இல்லை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதனால் வீட்டுக்கு வர வேண்டாம். என் அக்கா வீட்டு மாடி அறையைக் கேட்டிருக்கிறேன். வாசனை போகும்வரை மூவரும் அங்கே இருப்போம். பட்டறையைப் பற்றிப் பிறகு பேசலாம். மேஸ்திரிக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மையத்து வாசலுக்கு நானே வருகிறேன். பஸ் தாமதமானால் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். வாசலில் பெஞ்சு இருக்கிறது. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் சரி, நான் வரும்வரை அதிலிருந்து எழுந்திருக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
பாப்பாவின் அம்மா