ஓடாத பெரிய முள்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி பட்டினி கிடக்க வேண்டாம். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

நீங்கள் வாங்கி வந்த லேடீஸ் வாட்சைப் பார்த்ததும், "பெரிய வினாடி முள்ளே ஓடல, நின்னுபோனத உங்க தலையில கட்டிட்டாங்க"ன்னு சொல்லிவிட்டேன். காலையில் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். இது குரோனோகிராஃபாம், ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச். மேல் பட்டனை அழுத்தினால்தான் அந்த முள் கிளம்புமாம். வழக்கமான வினாடி முள், கீழே ஒரு குட்டி வட்டத்துக்குள் தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரர் சொல்லவில்லையா, சொல்லியும் நீங்கள் வாயைத் திறக்கவில்லையா?

நர்ஸுக்கு வினாடி பார்க்காமல் வேலை நடக்காது என்றுதானே வாங்கினீர்கள். அப்பா போன அன்று அவர் கையைப் பிடித்து நாடி எண்ணிய பழைய வாட்சை அன்றைக்கே கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இன்றுதான் வார்டுக்குப் போகிறேன். அழுகை வரவில்லை. பயமும் இல்லை. எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது.

வாட்சைத் தேடாதீர்கள், கட்டிக்கொண்டு போகிறேன்.

ரிப்பேர்க்காரரிடம் சமையலறைக் குழாயையும் காட்டுங்கள்.

இன்னொன்று. பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க, தூங்கிக்கொண்டிருந்த உங்கள் கையைப் பிடித்து நாடி எண்ணினேன். எழுபத்திரண்டு. அதற்கு ஒரு நிமிடம் போதும். பெரிய முள் நாலு சுற்று முடிக்கும் வரை நான் கையை விடவில்லை.