ஆர்டிஸ் வீட்டு வாசலில் கராஜ் சேல்

மே 18, சனி

காலை முழுக்க கராஜ் சேல்தான், வீட்டு வாசல்களில் பரப்பி விற்கிற பழைய சாமான். எங்கே போனாலும் குழந்தை உடுப்புகள், யாரும் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிள். கடைசி வீட்டில் மட்டும், சமையல் கரண்டிகள் போட்டிருந்த வாளியின் அடியில் கறுத்துப்போய் ஒன்று கிடந்தது. எடுத்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கு ஒரு கனம் உண்டு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், அசல் வெள்ளிக்கு இடுகிற ஸ்டெர்லிங் முத்திரை. சின்னச் சர்க்கரைக் கரண்டி.

"அதையா? கறுத்துப் போனதாச்சே. சும்மாவே எடுத்துக்கோங்க" என்றாள் வீட்டுக்காரப் பெண். எனக்கு மனம் வரவில்லை. இது வெள்ளிம்மா என்று சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும், யாரு உக்காந்து தேய்க்கிறது?" என்று கையை உதறினாள்.

பள்ளிச் சாப்பாட்டு அறையில் எஃகுத் தட்டும் எஃகுக் கரண்டியுமாகவே என் வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று ஒரு பைத்தியம் வேண்டாமா?

டுவைட் வண்டிக்குள்ளிருந்தே பார்த்துவிட்டார். "இன்னொரு கரண்டியா? நம்ம வீட்டுல மொத்தம் ரெண்டு வாய்தான் இருக்கு, லோரீன்."

"நீங்க பேசுற பேச்சுக்கு உங்களுக்கே நாலு வாய் வேணும்" என்றேன்.

மே 21, செவ்வாய்

கரண்டியைத் துலக்கினேன். அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிநீர். வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். டுவைட் ஜன்னலைத் திறந்துவிட்டு, "யாரு செத்தது?" என்கிறார்.

ஜூன் 1, சனி

இன்று நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும். ஒழுங்காக எழுத வருகிறதா பார்ப்போம்.

புல்வெட்டிக்கு பெல்ட் வாங்க டுவைட் பக்கத்து ஊரான லைமாவுக்குக் கிளம்பினார். நான் வரவில்லை என்றேன். லைமாவில்தான் அக்கா ஆர்டிஸ் இருக்கிறாள்.

"உனக்காக அவ தெருமுனையிலயா காத்துக்கிட்டு நிக்கப்போறா? அங்க சர்ச் ஆளுங்க நடத்துற பழைய சாமான் கடை ஒண்ணு இருக்காம், பெரிசாம்" என்று ஆசை காட்டினார். போனேன்.

கடையின் பின்சுவரில், ஜோடி பிரிந்த தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே ரப்பர் வளையம் போட்ட முள்கரண்டிகள், கத்திகள், கரண்டிகள். கைப்பிடி நுனியில் ரோஜா மொட்டு. அட, அம்மா வைத்திருந்த மாதிரியே என்று நினைத்தேன். அந்த மாதிரி எத்தனையோ வீடுகளில் உண்டு. பிறகு பரிமாறுகிற பெரிய கரண்டி கைக்கு வந்தது. அதன் ஓரம் மடங்கியிருந்தது. அப்பா ஒருதரம் பெயின்ட் டப்பாவைத் திறக்க அதைத்தான் எடுத்தார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. கைப்பிடியில் 'பி' என்ற எழுத்து. எங்கள் பெக்லர் குடும்பத்து 'பி'.

விற்பனைக்கு வைத்திருந்த சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா போனபின் வீட்டைக் காலி செய்தபோது வெள்ளி முழுவதையும் ஆர்டிஸ் எடுத்துக்கொண்டாள். அவள் மூத்தவள். அம்மாவே அப்படிச் சொல்லியிருந்தாளாம். எனக்கு ஒரு கரண்டியாவது கொடு என்றேன். செட்டைப் பிரிக்கக் கூடாது என்றாள். அதற்குமேல் இருவரும் பேசிக்கொண்டதை இங்கே எழுதவேண்டாம். அதன்பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வரும், போகும். அதிலும் கையெழுத்தைத் தவிர ஒரு வார்த்தை இருக்காது.

கல்லாவில் இருந்த அம்மாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "அழகா இருக்குல்ல? போன வாரம் ஒரு அம்மா கொண்டாந்து குடுத்தாங்க. ஏங்க, இது நெசமான வெள்ளிங்கன்னு சொன்னேன். 'தெரியும், அதனாலதான் குடுக்குறேன்'னுட்டுப் போயிட்டாங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் பெட்டி மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும்தான் கத்தினேன். செட்டைப் பிரிக்கக் கூடாதாம்! முன்னப்பின்ன தெரியாதவன் கடையில கொண்டுபோய்க் கொட்டலாமாம்!

பெல்ட் அளவு சரியில்லை. டுவைட் அதைச் சொல்லக்கூடப் பயந்துகொண்டிருந்தார்.

ஜூன் 2, ஞாயிறு

சர்ச்சில் பாடும்போதும் அதே நினைப்பு. எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?

ஜூன் 6, வியாழன்

கோபம் கரைந்து வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆர்டிஸ் எதையும் விடுகிறவள் இல்லை. பரிசு சுற்றி வந்த தாளைக்கூட நீவி மடித்து வைப்பவள். அவள் ஏன் கொடுத்தாள்? உடம்புக்கு ஏதாவதா? ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கையைக் காலி செய்கிறவர்கள் யார்?

"கூப்பிட்டுக் கேளேன்" என்றார் டுவைட். கூப்பிட்டேன். அந்த எண் இப்போது இல்லையாம். இயந்திரக் குரல் சொன்னது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றேன்.

ஜூன் 12, புதன்

பேப்பரில் வார இறுதி கராஜ் சேல் விளம்பரங்கள் வந்திருந்தன. லைமா பகுதியை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். இன்று படித்தேன்.

'வீட்டைக் காலி செய்கிறோம். எல்லாம் போயாக வேண்டும். சனி காலை. சீக்கிரம் வந்து கதவைத் தட்டாதீர்கள். பேரம் கிடையாது.'

கீழே முகவரி இருந்தது. அதைப் பார்க்கும் முன்பே, அந்தப் 'பேரம் கிடையாது'விலேயே அக்கா தெரிந்துவிட்டாள்.

செத்துப்போகிறவள் இவ்வளவு அதட்டலாக விளம்பரம் கொடுப்பாளா? கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் 'காலி செய்கிறோம்' என்றால்? அந்த 'றோம்' யார்? மச்சான் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்றே.

"போலாமா?" என்றார் டுவைட்.

"கராஜ் சேல்னா போகத்தானே வேணும்" என்றேன்.

ஜூன் 15, சனி

வாசல் நெடுக மடக்கு மேசைகள். நல்ல கூட்டம். டுவைட் வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தி, டோநட் பையைப் பிரித்துக்கொண்டார். "நான் இங்கயே இருக்கேன். சத்தம் பெரிசானா வரேன்."

பழக்கம் விடுமா? அக்காவைத் தேடாமல் முதலில் மேசைகளைத்தான் ஒரு சுற்றுப் பார்த்தேன். நீலக் கண்ணாடி விளக்கு ஒன்று இருந்தது. சின்ன வயதில் எங்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது அது. கையில் எடுத்தேன்.

"அஞ்சு டாலர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மூணு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விளம்பரத்தைப் படிக்கலையா? பேரம் கிடையாது."

திரும்பினேன். ஆர்டிஸ். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ஏதாவது சிகிச்சைக்காக வெட்டியதோ என்று பயந்தேன். ஆனால் முகம் வெயிலில் சிவந்து, கன்னத்தில் சதை வைத்து, நன்றாகவே இருந்தாள். பூப்போட்ட அரைக்கால் சட்டை வேறு. ஆர்டிஸா!

"லோரீன்" என்றாள்.

"உடம்புக்கு என்ன உனக்கு?"

"என் உடம்புக்கு என்ன?"

"சாகப்போறியா?"

"எல்லாரும்தான் சாகப்போறோம். ஏன், இன்னைக்கே போகணுமா?"

பக்கத்தில் ஒருத்தி கையில் காப்பிக் குவளையோடு விலை கேட்கவும் மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவோட வெள்ளியைக் கடையில போட்டிருக்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் வாங்கினேன்!"

ஆர்டிஸ் என்னை முறைத்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. "நீயா? ஒஹாயோல இத்தனை பேர் இருக்க, நீயேவா போய் வாங்கின?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குக் குடுத்திருக்கலாமே, ஆர்டிஸ். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

அவள் சிரிப்பு நின்றது. ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"எனக்கு அதைக் கண்டாலே ஆகாதுடி. சனிக்கிழமையானா என்னை உக்கார வெச்சு அம்மா தேய்க்க விடுவா. முள்கரண்டில ஒவ்வொரு முள்ளுக்கும் நடுவுல துணியை விட்டு விட்டு எடுக்கணும். நீ சின்னவ. வெளியில பசங்களோட பந்து அடிச்சிட்டு ஓடி வருவ, நான் தேய்ச்சு வெச்ச கரண்டியை எடுத்து ஜாம் பாட்டில்ல விட்டு நக்கிட்டு, போட்டுட்டு ஓடிருவ. நான் மறுபடி தேய்ப்பேன். இப்பவும் அந்தப் பாலிஷ் வாசம் வந்தா எனக்கு விரல் வலிக்குது."

"அப்ப எனக்குக் குடுக்கிறதுக்கு என்ன?"

மேசையிலிருந்த ஒரு விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினாள். "உனக்குக் குடுத்தா, நான் தேய்ச்சதெல்லாம் உனக்குப் போயிடுமேன்னு இருந்துச்சு. அசட்டுத்தனம்தான். ரெண்டு வாட்டி உன்னைக் கூப்பிடலாம்னு ஃபோனை எடுத்தேன். கூப்பிட்டா வெள்ளியைப் பத்திப் பேசணும். அதைப் பேசித்தானே இப்படி ஆச்சு நமக்கு? வெச்சிட்டேன்."

அந்த ஜாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளம் பழ ஜாம். கரண்டியின் குளிர்ச்சிகூட நாக்கில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தவளை மட்டும் நினைவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிராக்டர் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்ற ரேமண்ட். அந்த 'றோம்' இவர்தான். பின்பக்கம், உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகிற பழைய கேம்பர் வண்டி ஒன்று நின்றது. வீட்டை விற்றாயிற்றாம். மாதக் கடைசியில் மேற்கே கிளம்புகிறார்களாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "டயர் தேயற வரைக்கும்" என்றார் ரேமண்ட்.

"அதுல தேய்க்கிற சாமான் ஒண்ணு கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக்" என்றாள் ஆர்டிஸ், என்னவோ அரண்மனையைச் சொல்கிற மாதிரி.

மதியத்துக்குமேல் நானும் மேசைக்குப் பின்னால் நின்றேன். அவள் உள்ளே போன சமயமெல்லாம் பாதி விலைக்குக் கொடுத்தேன். சாமான் மளமளவென்று போயிற்று. டுவைட்டும் ரேமண்டும் கேம்பருக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "அஞ்சு டாலர்" என்று கையை நீட்டினாள். வாங்கியும் கொண்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

கழுத்தெல்லாம் வெயில் எரிகிறது. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

அம்மாவின் வெள்ளி முழுவதையும் இன்று துலக்கினேன். சோடாத் தண்ணீர் வேண்டாம், பாலிஷும் துணியும் வைத்தே செய்வோம் என்று தோன்றியது. முள்ளுக்கு முள் துணியை விட்டு எடுத்தேன். பாதிக்குமேல் விரலை நீவி நீவி உட்கார்ந்திருந்தேன். அப்போது அவளுக்கு என்ன வயது இருக்கும்? பத்தா?

ஜூன் 23, ஞாயிறு

ஆர்டிஸும் ரேமண்டும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பன்றித் தொடை வறுவல், பீன்ஸ், சோளக் கதிர். வெள்ளியை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். ஆர்டிஸே அலமாரியைத் திறந்து எடுத்துப் பரப்பினாள். ஒரு முள்கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நடுவுல கறுப்பு இருக்கு. அம்மா பார்த்தா திரும்பக் குடுத்திருப்பா."

"மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுதா உனக்கு?"

"இதுக்கு மட்டும் தெரியும்."

சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டாள். "நான் கழுவமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்." டுவைட்டும் ரேமண்டும்தான் கழுவினார்கள். நாங்கள் இருவரும் வராந்தா ஊஞ்சலில் உட்கார்ந்து அவர்களை அதிகாரம் செய்துகொண்டிருந்தோம்.

கிளம்பும்போது ஒரு கரண்டியாவது எடுத்துக்கொண்டு போயேன் என்றேன். "செட்டைப் பிரிக்கக் கூடாது" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

போய்விட்டார்கள். மழை.

அக்டோபர் 12, சனி

சீசன் முடியப்போகிறது. இன்று ஒரே ஒரு வீட்டில்தான் சேல், அதிலும் வெறும் ஹாலோவீன் பேய்ப் பொம்மைகள். வந்து சூப் வைத்துக்கொண்டிருந்தபோது ஆர்டிஸ் கூப்பிட்டாள். நியூ மெக்சிகோவில் ஏதோ ஊர். பெயர் சொன்னாள், வாயில் நுழையவில்லை.

"ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறேன். இங்க சேல். கறுப்பா ஒரு முள்கரண்டி கிடக்கு. உனக்கு ஆகுமா? வெள்ளியா இல்லையான்னு எப்படிடி கண்டுபிடிக்கிறது?"

"பின்னாடி எழுத்து இருக்கா பாரு."

"என்னமோ இருக்கு. மூக்குக் கண்ணாடி வண்டில இருக்கு. ரேமண்ட் எடுக்கப் போயிருக்கார். முழங்கால் வலி அவருக்கு, மெதுவாத்தான் வருவார்."

எந்த முழங்கால் என்று கேட்டேன். அங்கிருந்து டுவைட் ஏணியிலிருந்து சறுக்கிய கதைக்கு வந்தோம். பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய முட்டையை இந்த ஊரில் காலையிலேயே சாப்பிடுகிறார்களாம், முதல் நாள் அழுதாளாம், இப்போது அது இல்லாமல் முடியவில்லையாம். பக்கத்துக் கேம்பரில் ஒருத்தி தன் பூனையைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போகிறாளாம். அம்மாவின் பிளம் ஜாமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டேன், சொன்னாள். நடுவில் அந்தச் சேல் வீட்டுக்காரர், நின்றுகொண்டே பேசுகிறாளே என்று அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாராம்.

சூப் அடிப்பிடித்துவிட்டது. டுவைட் வந்து அடுப்பை அணைத்தார்.

ஃபோனை வைத்து வெகுநேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. அந்த முள்கரண்டி வெள்ளிதானா என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.