அப்பா சொன்ன பத்து

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜீவராணி அக்காவுக்கு,

வவுனியாவில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் இருதயம் இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு. அவருக்கும் தெரியும். ஆனாலும் தோட்டத்து லய வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கேலி செய்துகொண்டிருக்கிறார். நம்மை ஒரு நாளும் சிரித்துக் கூப்பிடாத மனிதர்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து சர்மிளா என்றொரு மாணவி வந்தாள். எந்த வயதில் மனிதர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆராய்கிறாளாம். சைபரிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நிவாரணத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று நினைத்து லயத்து வீட்டு வரிசையே சைபர் சொன்னது. அப்பாவும்தான். இது நிவாரணம் இல்லை என்று நான் விளக்கியதும், "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா வாத்தியாரே! அப்ப பத்து போடும்மா" என்றார்.

பத்து! உன்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தி, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தவர். கல்யாணமாகிப் போன நீ முப்பது வருடத்துக்கு மேல் இந்த வாசலை மிதிக்கவில்லை. உனக்காக ஒன்றாவது குறைத்திருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளை முன்னாலேயே கேட்டேன், ராணியின் படிப்பை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறதா என்று.

"ராணியா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மலைக்குத் தேத்தண்ணி கொண்டாந்துச்சே, அந்த மழையில! புள்ள நனஞ்சுகிட்டே நின்னுச்சுடா" என்று சிரித்தார்.

மிச்ச நாள் கொஞ்சம்தான் என்று தெரிந்த மனம் கசப்பைக் கைவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுமாம். சர்மிளா சொன்னாள். நடுவயதில்தான் சந்தோஷம் அடிமட்டமாம். நான் மூன்று சொல்லியிருந்தேன். "உங்களுக்கு அம்பத்திரெண்டுதானே சார், இனி ஏறும்" என்றாள். பள்ளியில் எனக்கு வரவேண்டிய அதிபர் பதவியைத் தட்டிப் பறித்த அந்த வாத்தியாருக்கும் ஏறுமா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா, அவர் மேல் கோபப்பட்டு இனிப் பயனில்லை. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. இத்தனை காலம் உனக்காகத்தான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் உன்னை நிறுத்திய அதே மாதம்தான் என்னை ஹட்டன் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். நீ பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. மன்னிக்கச் சொல்லவில்லை. அவரைத் திட்டத்தான் வருகிறாய் என்றாலும் வா. எவ்வளவு திட்டினாலும், மகள் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்படத்தான் போகிறார். மிச்சத்தை என்னிடம் சொல். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்
தம்பி அழகன்.