மொழிபெயர்ப்பு நிலுவையில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மட்டும் போன மாதம் கட்டிய தொண்டை இன்னும் தேறவில்லை, அதற்குக் காரணம் சளி இல்லை, பேச்சு. முதலில் உறுதியான செய்தி. பள்ளியில் நம் மொழிப் பிரிவை மூடிப் பிள்ளைகளை இங்குள்ள பெரும்பான்மையினரின் மொழி வகுப்பில் சேர்ப்பதென்று நகர்மன்றம் போன மாதம் போட்ட தீர்மானத்தை நீதிமன்றம் நேற்று நிறுத்திவைத்துவிட்டது. காற்றுவாக்கில் கேட்டதல்ல, நீதிமன்ற எழுத்தர் கையெழுத்திட்ட நகலை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் அண்ணன் மகள் திங்கட்கிழமையும் அதே வகுப்பில், அதே டீச்சரிடம்தான் போய் உட்காரப் போகிறாள். அண்ணி வாங்கி வைத்த புதுப் புத்தகங்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள், கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம்.

நீ ஃபோனில், அம்மாவுக்குத்தான் அவங்க பாஷை தண்ணி பட்ட பாடாச்சே, அதிலேயே பேசிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்த அடம் என்று கேட்டாய். கோபித்துக்கொள்ளாதே, நகர்மன்ற வக்கீலும் நீதிமன்றத்தில் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய இடத்தில் இருக்கும் உறுப்பினர் தன் மொழியில் பேசலாம், அதை மொழிபெயர்க்க மன்றம் ஆள் வைக்க வேண்டும், நம் பிள்ளைகளைத் தொடும் எந்தத் தீர்மானத்தையும் அவர் பேச்சைக் கேட்காமல் நிறைவேற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உன் அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர்கள் மொழியில்தான் பேசினாள், எல்லோருக்கும் நேரம் மிச்சமாகட்டும் என்ற மரியாதைக்காக. அந்த மரியாதையையே காரணம் காட்டி, யாரும் கேட்காத வேலைக்கு எதற்குச் சம்பளம் என்று மொழிபெயர்ப்பாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்திலேயே பள்ளி விஷயம் வந்தது. இவள் எழுந்து நின்று நம் மொழியில் ஆரம்பித்தாள். சபை திகைத்துப் போனது. சேர்மன் வேறு யாருமில்லை, நம் மரக்கடைக்காரர்தான், அவருடைய மூன்று பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில் உன் அம்மா கையில்தான் பிறந்தன. அவர் சிரித்துக்கொண்டே, "என்ன நர்ஸம்மா, எனக்கு ஊசி போடும்போதெல்லாம் எங்க பாஷையிலதானே சமாதானம் சொல்வீங்க" என்றார். இவள் நம் மொழியில் ஒரே வரியில் பதில் சொன்னாள். பார்வையாளர் பெஞ்சில் இருந்த நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மேடையில் ஒருவருக்கும் புரியவில்லை. அவர், பத்திரிகைக்குச் செய்தி எழுத உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, "பேப்பர்காரரே, வீட்டுக்காரம்மா சொல்றதை நீங்களே சொல்லிடுங்களேன், வேலை முடிஞ்சிடும்" என்றார். வேலை முடிந்துதான் போயிருக்கும். நான் அதைச் சொல்லியிருந்தால் மொழிபெயர்த்தாயிற்று, கேட்டாயிற்று என்று குறித்துக்கொண்டு முடித்திருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் நாற்காலி அதோ காலியாக இருக்கிறது, அதற்கு ஆளைப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வீட்டில் அவள் பேசும்போது நான் சும்மா இருந்து பழகியது அன்றைக்குக் கைகொடுத்தது. இவள் உட்காரவில்லை, தொண்டை போகும்வரை பேசினாள், அவர்கள் ஒரு வார்த்தையும் புரியாமலே கையைத் தூக்கித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதோடு சிறுபான்மையினர் உரிமை ஆணையர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே விசிறிகூடச் சரியாக ஓடாத அறையில் ஒரு பெண் அதிகாரி முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டு, அவரே வழக்குப் போட்டார்.

இதில் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்து அம்மா பேச்சைக் கேட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. அந்த வாக்கில் நாம் தோற்கவும் கூடும், தலைகள் அவர்களிடம்தான் அதிகம். தோற்றால் மேல்முறையீட்டுக்கு மனு தயாராக இருக்கிறது. நம் சொல் காதில் விழாமலே நம் பள்ளியை மூடலாம் என்ற நினைப்பு மட்டும் இனி இந்த ஊரில் யாருக்கும் வராது. விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி அவளுக்குச் செய்தி அனுப்பாதே, அனுப்பினால் உனக்கும் நம் மொழியில் ஒரு வரி கிடைக்கும்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளை முதுகுவலியை அலட்சியப்படுத்த வேண்டாம். பத்தொன்பதாம் தேதி காலையில் ஃபோன் செய்யாதே, மறுபடி வாக்கெடுக்கும் கூட்டம் அன்றைக்குத்தான். அம்மா சொன்ன அந்த ஒரு வரி, "ஊசி வலிக்கக் கூடாதுன்னுதான் உன் பாஷையில பேசினேன் தம்பி, இது கொஞ்சம் வலிக்கட்டும்" என்பது. சேர்மன் இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் அதைக் கேட்கிறார், நான் சொல்வதாக இல்லை. கூட்டக் குறிப்பில் செயலர், உறுப்பினர் பதில் சொன்னார், மொழிபெயர்ப்பு நிலுவையில் என்று எழுதியிருக்கிறார். அது பத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது.

இப்படிக்கு
உன் அப்பா
(அம்மா பக்கத்தில் வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்)