விபூதி படாத வெள்ளி

என்னங்க,

நேற்று பிரிக்பீல்ட்ஸ் பழங்காசுக் கடையில் எட்வர்ட் ராஜா தலை போட்ட வெள்ளி டாலர் ஒன்று வாங்கினேன். நானே பார்த்து வாங்கினேன்.

கடைக்காரர் முதலில் பளபளப்பான ஒன்றை நீட்டி, "புதுசு மாதிரி இருக்கு லா அக்கா," என்றார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ராஜாவின் கன்னமெல்லாம் மெல்லிய கீறல். தீபாவளிக்கு வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல் யாரோ விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

"இதைத் தேச்சிட்டாங்க பாஸ், தேச்ச பழங்காசு பாதி விலைக்குக்கூடப் போகாது," என்றேன். கருத்துக் கிடந்த இன்னொன்றை எடுத்தேன். தாடி முடிகூடத் தேயவில்லை, எடையும் சரி.

"அக்கா டீலரா?" என்று கேட்டார்.

பளபளப்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்பீர்களே, இப்போது சொல்லுங்கள்.

வீட்டை விட்டுப் போனபோது நீங்கள் எடுக்காமல் விட்ட உங்கள் காசுப் பெட்டியில்தான் அதை வைத்திருக்கிறேன். துடைக்கவில்லை. நம் கிள்ளான் வீட்டுச் சாவி அதே பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

இன்னும்,
உங்கள் வீட்டுக்காரி