மீரட்டிலிருந்து ஒரு டிரம்பெட்

மீரட்
28-4-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

பிளாரன்ஸ் எழுதுவது. நான் நலம். உங்களையும் அம்மாவையும் மாதா காக்கட்டும்.

வழக்கமாக நான் அம்மாவுக்குத்தான் எழுதுவேன். நீங்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி, ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை. இது வேறு சமாச்சாரம்.

அம்மா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுச் செல்லத்தாய் அக்கா எழுதிய கடிதம் வந்தது. ஈஸ்டர் பூசையில் உங்கள் டிரம்பெட்டின் நடு வால்வு இறங்கியது ஏறவே இல்லையாம். பேண்டு மாஸ்டரான நீங்கள் மிச்சப் பாட்டை வாயாலேயே பாடி முடித்தீர்களாம். வாசித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா, இந்த ஊரில் ஒரு தெரு முழுக்க பேண்டு வாத்தியக் கடைகள்தான்! நீங்கள் பார்த்தால் அந்தத் தெருவிலேயே குடியிருந்துவிடுவீர்கள். ஒரு கடையில் புது டிரம்பெட்டை எடுத்துக் காட்டினார்கள். “சிஸ்டர், ஊதிப் பார்க்க யாரையாவது கூட்டி வாருங்கள்” என்றார் கடைக்காரர். நான் கையில் வாங்கி, சின்ன வயதில் நீங்கள் சொல்லித் தந்தபடி உதட்டை இறுக்கி ஒரு ஊது ஊதினேன். தெருவில் போன குதிரை வண்டி அப்படியே நின்றுவிட்டது!

அதை வாங்கி, பெட்டியில் வைத்து, துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, பதிவுப் பார்சலில் உங்கள் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ரயில்வே ஸ்டிரைக் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வந்தாலும் ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்குள் பார்சல் வந்துவிடாதா என்ன?

பதில் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

மகள்
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி
6-6-1974

மகள் பிளாரன்சுக்கு,

கஸ்பார் எழுதுவது. இது பார்சல் சம்பந்தமான கடிதம். இதில் வேறு ஒன்றும் கிடையாது.

பார்சல் வரவில்லை. ஸ்டிரைக் முடிந்து ரயில் ஓட ஆரம்பித்தாயிற்று. மெட்ராஸிலிருந்து கடைகளுக்குச் சரக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மாம்பழம்கூட வந்துவிட்டது. எனக்குரியது மட்டும் வரவில்லை. நான் தினமும் வேலை முடிந்து ஹார்பரிலிருந்து வரும் வழியில் தபால் ஆபீஸில் ஏறிக் கேட்கிறேன். பார்சல் கவுண்டரில் இருக்கிற ஆவுடையப்பன், “அண்ணாச்சி, நீங்க வந்து வந்து நின்னா பார்சல் வந்துருமா? ஸ்டிரைக்குல தேங்கின மூட்டை மெட்ராஸ்ல மலை கணக்கா கெடக்குன்னு சொல்லுதாவ” என்கிறான். “மலையா இருந்தா என்னலே, மலையில ஏறித் தேடச் சொல்லு” என்றேன்.

புகார் எழுத வேண்டியிருப்பதால் சில விவரங்கள் கேட்கிறேன். எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதே. வெள்ளிப் பூச்சா, பித்தளை நிறமா? வால்வு அமுக்கினால் பட்டென்று எழும்புகிறதா, சோம்பலாக எழும்புகிறதா? வாய்க்குழல் எத்தனை கொடுத்தான்? மேல் ஸ்தாயியில் சத்தம் கிழிகிறதா, குழைகிறதா? நீ எந்த ஸ்வரம் ஊதினாய்? குதிரை வண்டி நின்றது நிஜந்தானா?

உடனே பதில் எழுது. புகாருக்குத் தேவை.

ச. கஸ்பார்


மீரட்
15-6-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நான், ஊசியைப் பக்கத்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். (நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.)

புகாருக்கான விவரங்கள்: வெள்ளிப் பூச்சு. முகம் பார்த்துத் தலை வாரலாம். வால்வு விரலை எடுக்கும் முன்னே எழும்பிவிடுகிறது. வாய்க்குழல் இரண்டு. மேல் ஸ்தாயியில் என் ஊதலில் கிழிந்தது, உங்கள் ஊதலில் குழையும். நான் ஊதியது கீழ் ‘ஸ’. குதிரை வண்டி நிஜம். வண்டிக்காரன் திட்டியதும் நிஜம்.

நேற்று யூனிஃபாரத்தோடேயே இங்குள்ள தபால் ஆபீஸுக்குப் போனேன். தோளில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்து கிளார்க் எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நின்று, ஒன்றும் தெரியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னான். பார்சல் புறப்பட்டுப் போனது உறுதியாம். எங்கே போனது என்பதுதான் தெரியவில்லையாம். ரசீதின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆவுடையப்பன் அண்ணனிடம் காட்டுங்கள்.

அம்மாவின் முட்டு வலி எப்படி இருக்கிறது? இது பார்சல் சம்பந்தமில்லாத கேள்வி. மன்னிக்கவும்.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி
29-6-1974

அன்புள்ள மகள் பிளாரன்சுக்கு,

நேற்று நடந்த கூத்தைக் கேள்!

காலையில் ஆவுடையப்பன் ஹார்பருக்கே ஆள் அனுப்பிவிட்டான், பார்சல் வந்திருக்கிறது என்று. நான் போவதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, நம்ம டிரம் அடிக்கிற பால்துரை டிரம்மோடும், மற்றவர்கள் அவரவர் வாத்தியத்தோடும் தபால் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். பெட்டியைத் தூக்கினேன். கனம் குறைவாக இருந்தது. “மாமா, வெள்ளிப் பூச்சுன்னா லேசாத்தான இருக்கும்” என்றான் பால்துரை. அவன் அறிவு அப்படி. கையெழுத்துப் போட்டேன். உள்ளே எடுத்துப் போகக்கூடப் பொறுமை இல்லை, வாசலிலேயே தையலைப் பிரித்தோம். பால்துரை டிரம்மை உருட்ட ஆரம்பித்துவிட்டான்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? கைக்குழந்தைக்குப் போடுகிற கம்பளிச் சட்டை! கம்பளித் தொப்பி! கம்பளிக் காலுறை! தூத்துக்குடியில், இந்த வேக்காட்டில்! டிரம் அப்படியே நின்றுபோனது. தபால் ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், கோபத்தோடேயே.

மேலே தைத்திருந்த துணியில் விலாசம் உன் கையெழுத்துதான். வழியில் எங்கோ விலாசத் துணி கிழிந்து, மறுபடி தைக்கும்போது பெட்டி மாற்றித் தைத்துவிட்டார்கள் என்று ஆவுடையப்பன் சொல்லுகிறான். கம்பளிக்கு அடியில் ஹிந்தியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. இதோடு அனுப்புகிறேன். யாரென்று விசாரி. எங்கேயோ ஒரு குழந்தை சட்டைக்குக் காத்திருக்கிறது. அதன் அப்பன் கையில் என் டிரம்பெட் இருக்கிறது. அவன் அதில் தண்ணீர் மொள்ளுகிறானோ என்னவோ!

அம்மாவுக்கு முட்டு வலி தேவலை. நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது. அது வருகிற பார்சல் மட்டும் எப்படி ஒழுங்காக வருகிறது?

அப்பா
கஸ்பார்


மீரட்
9-7-1974

அன்பு அப்பாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

அந்தத் துண்டுக் காகிதத்தில் பேரும் வீட்டு நம்பரும் இருந்தன. எழுதியது கமலா என்று ஒரு ஹவில்தாரின் மனைவி. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். வங்காளப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிற தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்குத்தான் கம்பளி. போன வாரம் அவளுக்குத் தம்பியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது: “அக்கா, என் மகன் பிறந்த சந்தோஷத்துக்கு நீ அனுப்பிய பீப்பி கிடைத்தது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் தினமும் ஊதுகிறேன். பிள்ளை சிரிக்கிறான். காலனிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.”

கமலா தலையில் அடித்துக்கொண்டு தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டாள். அவன் மனசில்லாமல், ஆனால் அன்றைக்கே, நேராக உங்கள் விலாசத்துக்கு அனுப்பிவிட்டானாம். இந்த முறை விலாசத்தைத் துணியில் எழுதாமல் பெட்டியின் மரத்திலேயே தாரில் எழுதச் சொன்னேன். கம்பளியை நீங்கள் அவனுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் விலாசம் பின்பக்கம்.

உங்கள் கடிதங்களை வார்டில் மொழிபெயர்த்துச் சொல்லுகிறேன் அப்பா. கால் போன ஒரு சிப்பாய், “சிஸ்டர், பாஜா வந்துச்சா?” (வாத்தியத்துக்கு இங்கே அப்படித்தான் பேர்) என்றுதான் தினமும் காலையில் கேட்கிறான். தன் வலியைப் பற்றிச் சொல்லுவதில்லை.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எனக்கு லீவு கிடைக்கும் போலிருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை மெட்ராஸ் ரயிலில் வந்தால் திருவிழாவுக்கு இருக்கலாம். ஆனால் நான் போகும்போது, “இனி இந்த வாசப்படிய மிதிக்காத” என்று சொன்னீர்கள். நான் வரலாமா? இந்த மாசக் கடைசிக்குள் எழுதுங்கள். வேண்டாம் என்றால் லீவை வேறு சிஸ்டருக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள்
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி
17-7-1974

என் ஆசை மகள் பிளாரிக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீப்பி கதைக்கு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். “என்ன எழுதப் போறீங்க?” என்றாள். “பேனாவை எடு” என்றேன்.

வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னது இந்த வாய்தான். அதே வாயால் சொல்கிறேன்: வா. உன் யூனிஃபாரத்தைக் கொண்டு வா. அந்த நட்சத்திரத்தை நான் பார்க்க வேண்டும். மூன்றாம் தேதி பேண்டு முழுக்க ஸ்டேஷனில் நிற்கும். வெட்கப்பட்டு வேறு பெட்டியில் ஒளிந்துகொள்ளாதே.

கம்பளியைச் சுரங்கத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன். அதற்குள் ஒரு டப்பா மக்ரூனும் வைத்தேன். தூளாகத்தான் போய்ச் சேரும். முந்திரியும் சீனியும் தூளானால் என்ன, தின்னலாம்.

டிரம்பெட் இன்னும் வரவில்லை. நீ வந்தால் சரி.

உன் அப்பா
கஸ்பார்


மீரட்
28-7-1974

அப்பாவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. தினமும் தபால் நேரத்தில் வராந்தாவில் நின்றேன். இன்று மேட்ரன் முடிவு கேட்டார்கள். என் லீவை ஒரு மலையாள சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

பார்சலைப் பற்றி எழுதினால் பதில் வருகிறது. என்னைப் பற்றி எழுதினால் வருவதில்லை. புரிந்துகொண்டேன். கோபம் இல்லை. அவசரப்பட்டுக் கேட்டது என் தப்பு.

டிரம்பெட் வந்ததும் செல்லத்தாய் அக்காவைக்கொண்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு நன்றாக ஊதுங்கள்.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி
7-8-1974

என் தங்க மகள் பிளாரிக்கு,

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான், திருவிழா முடிந்த மறுநாள், கைக்கு வந்தது. நான் வா என்று எழுதிய கடிதம் உனக்கு வரவே இல்லையா? அட பாவிகளா! டிரம்பெட்டைத் தொலைத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். என் பதிலையுமா தொலைக்க வேண்டும்?

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரண்டாம் தேதி சாயங்காலம் டிரம்பெட் வந்துவிட்டது! தார் எழுத்தோடு பெட்டி வந்து இறங்கியது. முன்னால் விரிந்திருக்கிற மணி வாய் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. ஒரு வாய்க்குழல் காணோம். ஆனால் ஊதினேன் பாரு பிளாரி, செல்லத்தாய் வீட்டுக் கோழியெல்லாம் கூரையேறிவிட்டது. என்ன சத்தம்! வெண்ணெய் மாதிரி!

மறுநாள் விடியற்காலையிலேயே எல்லாரும் ஸ்டேஷனில் நின்றோம். நீ வீட்டை விட்டுப் போன அன்று தான் கட்டியிருந்த நீலப் புடவையையே அம்மா கட்டியிருந்தாள். ரயில் நுழைந்ததும் நான் எடுத்தேன், பால்துரை அடித்தான். முதல் பெட்டியிலிருந்து இறங்கிய உப்பு வியாபாரி ஒருவர் தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே வருகிறார்! நாங்கள் ஊதிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தோம். கடைசிப் பெட்டி வரைக்கும் ஊதினேன். நீ இல்லை. எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோன பிறகும் அம்மா பிளாட்பாரத்தை விட்டு வர மாட்டேன் என்றாள். “அத்தே, நாளைக்கு வருவா. ரயிலத் தப்ப விட்டிருப்பா” என்றான் பால்துரை. மறுநாளும் போனோம். திருவிழாவன்று காலையிலும் போனோம்.

சாயங்காலம் மாதாவுக்கு முன்னால் ஊதினேன். கூட்டத்தில் எத்தனையோ பேர், “கஸ்பாரண்ணே, எங்க வாங்குனீரு?” என்று கேட்டார்கள். “எம் மக அனுப்புனா. ராணுவத்துல லெப்டினன்ட்டு. பிளாரன்ஸ்” என்று ஒவ்வொருவனுக்கும் சொன்னேன். கேட்காதவனுக்கும் சொன்னேன். சொல்லும்போதே உனக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

நேற்று உன் கடிதத்தைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. செல்லத்தாயைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ‘கோபம் இல்லை’ என்ற இடத்தை அவள் இரண்டு தடவை வாசித்தாள். திருப்பி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று தாளை எடுத்தேன். அம்மா தாளைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

“தபால்காரன நம்புனது போதும். துணிமணிய எடுத்து வைங்க” என்றாள்.

“எங்கடி?”

“எங்கயா? எம் மக இருக்கிற எடத்துக்கு. கடிதாசு போற எடத்துக்கு மனுசன் போகக் கூடாதா?”

உன் அம்மா பிலோமி இப்படி என்னை அதட்டி நான் பார்த்ததில்லை. ஹார்பரில் லீவு சொல்லியாயிற்று. நாளை மெட்ராஸ் ரயில், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து உன் ஊர். எனக்கு ஹிந்தி தெரியாது, அம்மாவுக்குத் தமிழே எழுதத் தெரியாது. ஆனாலும் வந்து சேர்ந்துவிடுவோம். டிரம்பெட்டை லக்கேஜில் போட மாட்டேன், மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். அந்தக் கால் போன பிள்ளைக்கு ஊதிக் காட்ட வேண்டும், உங்கள் மேட்ரன் அனுமதித்தால். அனுமதிக்காவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று ஊதுகிறேன்.

மக்ரூன் டப்பா அம்மா கையில் இருக்கிறது. ஒன்றும் தூளாகாமல் வரும்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்தால் ஸ்டேஷனுக்கு வா. பின்னால் வந்தால் நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உரக்க வாசி, கேட்கிறேன்.

உன் அப்பா