பிடித்து விடு

அன்பு மகளுக்கு,

இங்கே என் கழுத்தைத் தவிர எல்லோரும் நலம். உன் நலம் அறிய அம்மாவுக்கு ஆவல், அவள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதால் எனக்கும் ஆவல் என்று வைத்துக்கொள். அடுத்த மாதம் சொந்தமாக மசாஜ் அறை திறக்கிறாய், அப்பா வருவாரா மாட்டாரா என்று அம்மாவை நச்சரிக்கிறாயாம். பதில் கடைசியில் வரும், நேரே அங்கே தாவாதே.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ போனில் பாதிதான் கேட்டாய். மீதியை அம்மா சொன்னால் கண், காது, மூக்கு வைத்துவிடுவாள் என்பதால் நானே எழுதுகிறேன். காலையில் எழுந்தபோது கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்தது. நம் வாசலில் நின்றால் உன் பெயின்டர் சித்தப்பா வீடும் அந்தப் பக்கம்தான். "ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே திரும்பாம இருந்தீங்க, கழுத்தும் பழகிக்கிச்சு" என்றாள் அம்மா. அவனோடு ஏன் பேசுவதில்லை என்பதை நீ மறந்திருந்தாலும் மறக்க விடுகிற ஆள் நானில்லை. நான் உனக்குக் கல்லூரியில் கணித மேற்படிப்புக்கு இடம் பிடித்து வைத்திருக்க, மசாஜ் படிக்கப்போகிறேன் என்று நின்ற உன்னை, எனக்குத் தெரியாமல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டவன் அவன்.

அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, எனவே நீ போனில் சொல்லச் சொல்ல அழுத்த வேறு ஆள் வேண்டியிருந்தது. யாரைக் கூப்பிட்டாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடிந்தால்தானே. எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க வேண்டும், கழுத்திலிருந்து தோள்வரை மெதுவாக வழிக்க வேண்டும், எலும்பின்மேல் கைவைக்கக் கூடாது, ஓரத்துச் சதையில் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும், நான் மூச்சை விடும்போது மட்டும் அழுத்த வேண்டும் என்று மேசைமேல் கிடந்த போனிலிருந்து பாடம் எடுத்தாய். வட்டம் கணக்கு வாத்தியாரான என்னிடமிருந்து சுட்டது, மற்றதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. எண்ணெயையும் மீறி பெயின்ட் வாசனை வந்தபோதே அது யார் கை என்று தெரிந்துவிட்டது. எழுந்து போயிருப்பேன், அதற்குள் தோள் கட்சி மாறிவிட்டது.

அப்புறம் நீ, "தோளைப் பிடிச்சு விடுங்க சித்தப்பா" என்றாய். பிடித்து விடு என்றால் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அவன் முதல் பாதியோடு நின்றுகொண்டான். நான் ஓடிவிடுவேன் என்று பயந்தானோ என்னவோ, அப்படியோர் இறுக்கு. வலி பொறுக்காமல், "பிடிச்சது போதும், விடுடா" என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. உன் சத்தமும் இல்லை, சிக்னல் போய்விட்டதாக நினைத்தேன், பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் பிடியைத் தளர்த்திவிட்டு மெதுவாக, "நீங்களும் விட்டா நல்லாருக்கும்ணே" என்றான். மூச்சு விடும் முறை வந்தது, விட்டேன். அவ்வளவுதான். இதைச் சமாதானம் என்று உறவு முழுக்கப் பரப்பாதே. அதே நாற்காலியில் மதியச் சாப்பாடுவரை தூங்கினேன். வாயைப் பிளந்துகொண்டு என்கிறாள் அம்மா, சாட்சி கிடையாது.

இதுவரை யார் கேட்டாலும் மகள் மருத்துவத் துறையில் இருக்கிறாள் என்றே சொல்லிவந்தேன். நேற்று ஆசிரியர் அறையில் இயற்பியல்காரர், எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிப் பறித்தவருக்குக் கைதட்டிய அதே ஆள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். "எம் பொண்ணுகிட்ட போங்க, பிடிச்சு விடுவா" என்றேன். அவ்வளவு தூரமா என்றார். நீங்கள் அவ்வளவு தூரம் போவது எல்லோருக்குமே நல்லது என்றேன்.

அடுத்தவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிராமல் உன் விரல்களுக்கும் ஓய்வு கொடு, அம்மா மணிக்கட்டை நினைவில் வை. உன் கை பட்டவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கட்டும், உன் அறை நன்றாக நடக்கட்டும். திறக்கிற அன்று முதல் நாற்காலி எனக்கு, மறந்துவிடாதே. மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டும், அந்த வேலையில் உன் சித்தப்பாவுக்கு முன்அனுபவம் உண்டு.

இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிற,
உன் அப்பா